பொறுத்தலும் பெறுதலும்

சாலை விபத்தில் உடல் ஊனமுற்ற ஒருவர், அதற்கு ஈடு கேட்டு வழக்குத் தொடுப்பது அறமாகுமா? பொறுமையைத் தலையாய பண்பெனப் போற்றும் நாம், நமக்குத் தீங்கிழைத்தவர் தரப்பிலிருந்து பொருள் பெறலாமா? இவ்வினா நூல்களைப் படிக்கும்போது எழுந்த வினா அன்று. மருத்துவமனைக் கட்டிலருகே எழுந்த வினா. அதற்கு நாம் முதலில் கூறிய விடை தவறானது. அத்தவற்றை உணர்ந்தமையே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று.

2023ஆம் ஆண்டின் தொடக்கம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் நம் சமூகத்து விவசாயி ஒருவர், கடலை விற்றுவிட்டு இருசக்கர வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. பின்னால் வந்த கார் மோதி அவரைத் தூக்கி எறிந்தது. தொடையெலும்பு முறிந்தது, முழங்கால் சிதைந்தது. இருமுறை அறுவை செய்தும் முழங்கால் இனி மடங்காது என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். வரப்பில் நடக்கவும் ஊன்றுகோல் வேண்டும். சேற்றில் இறங்குவது என்பது இனி இல்லை. அவர் ஐந்தாம் வகுப்பில் நம்மிடம் பயின்ற மாணவர்.

நாம் மருத்துவமனைக்குச் சென்றிருந்த நாளில், காரை ஓட்டிய இளைஞர் தம் தந்தையாருடன் வந்தார். இருபத்திரண்டு வயதிருக்கும். கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டியதாக அவரே ஒப்புக்கொண்டு, கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். தந்தையார் பழங்களையும் 25,000 ரூபாய் வைத்த உறையையும் தந்து, "வழக்கு வம்பு வேண்டாம், ஐயா" என்று கைகூப்பினார். படுத்திருந்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "என் வினை, இந்தப் பிள்ளை என்ன செய்வான்? நான் மன்னித்துவிட்டேன்" என்றார். அங்கிருந்த அனைவருக்கும் கண் கலங்கிற்று. நமக்கும் கலங்கிற்று. "இதுவே உத்தம க்ஷமை, அப்பா. நீ கோர்ட்டுப் படி ஏற வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, நம் மாணவர் நம் பாடத்தை மறக்கவில்லை என்னும் பெருமிதத்தோடு வீடு திரும்பினோம்.

ஐந்து மாதம் கழித்து அவ்வீட்டிற்குச் சென்றோம். அவர் திண்ணையில் கால் நீட்டி அமர்ந்திருந்தார். அவர் மனைவி நமக்கு மோர் கொடுத்துவிட்டு, உள்ளே அழைத்து மெல்லச் சொன்னார்: "டீச்சர், அவர் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார், நீங்களும் பாராட்டினீர்கள். காலையில் அவரைத் தூக்கி உட்கார வைப்பவள் நான். கழனிக்குக் கூலியாள் வைத்துக் கடன் வாங்குபவள் நான். பிளஸ் டூ முடித்த பெரியவளைக் காலேஜில் சேர்க்காமல் நிறுத்தியதும் நான்தான். மன்னிக்கும்போது என்னை ஒருவரும் கேட்கவில்லையே." அச்சொற்களில் சினம் இல்லை. வீட்டுக் கணக்கை ஒப்பிப்பவர்போலவே அவர் கூறினார். நம்மிடம் விடை இல்லை.

மன்னிப்பது எது, விடுவது எது?

அன்றிரவு நமக்கு ஒரு பழைய வகுப்பறை நினைவு வந்தது. ஒரு பிள்ளை ஓடும்போது இன்னொரு பிள்ளையின் சிலேட்டை உடைத்துவிடும். உடைத்த பிள்ளையை மன்னிப்புக் கேட்கச் செய்வோம். உடைபட்ட பிள்ளையை "போகட்டும்" என்று சொல்லச் செய்வோம். இத்துடன் ஆசிரியர் பணி முடிந்ததா? இல்லை. பிள்ளைக்கு எழுதச் சிலேட்டு வேண்டுமே! உடைத்த பிள்ளையின் வீட்டார் மறுநாள் ஒரு சிலேட்டு வாங்கித் தரவேண்டும். தந்ததனால் மன்னிப்புப் பொய்யாகிவிடாது. மன்னித்ததனால் சிலேட்டு முளைத்துவிடவும் மாட்டாது. முப்பத்தைந்து ஆண்டுகள் சிறுபிள்ளைகளுக்கு நாம் கற்பித்த இவ்வெளிய உண்மை, மருத்துவமனையில் நம் நினைவுக்கு வரவில்லை.

பொறுமை என்பது உள்ளத்திலுள்ள குரோதத்தை அகற்றுவது. தீங்கிழைத்தவன்பால் பகை கொள்ளாமை, அவன் கெடவேண்டும் என்று கருதாமை, இவையே க்ஷமை. இது பாதிக்கப்பட்டவரின் ஆன்மாவுக்குரிய செயல். இதை அவர் எவரையும் கேளாமல் செய்யலாம். ஆனால், உழைக்க இயலாது போன கால் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அக்கால் மனைவிக்குச் சோறு, மகளுக்குக் கல்வி, வயது முதிர்ந்த தாய்க்கு மருந்து. தமக்குரியதை விட்டுக்கொடுப்பது தியாகம். பிறர்க்குரியதை அவர்களைக் கேளாது விட்டுக்கொடுப்பது தியாகம் ஆகுமா?

துறவியின் பொறுமையை இல்லறத்தாருக்கு அளவுகோலாகக் கொண்டமையே நாம் செய்த பிழை. முனிவர்க்கு மனை இல்லை, மக்கள் இல்லை, உடைமை இல்லை. அவர் எதனை விட்டாலும் பிறர் வயிறு வாடாது. இல்லறத்தாரோ தம்மைச் சார்ந்தோரைக் காக்கும் கடமையை ஏற்றவர். அதனாலன்றோ அறநூல்கள் முனிவர்க்கு மகாவிரதம் என்றும், இல்லறத்தார்க்கு அணுவிரதம் என்றும் வேறு பிரித்து வகுத்தன!

வினைக்கொள்கை தடையாகுமா?

"எல்லாம் அவரவர் வினை, வழக்காடி என்ன பயன்?" என்பார் உளர். துன்பத்தை நுகர்வது அசாதா வேதனீய வினையின் உதயத்தால் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், எலும்பு முறிந்தபோது கட்டுப் போடுவதை எவரும் வினைக்கு எதிரான செயல் என்று சொல்வதில்லை. காய்ச்சலுக்கு மருந்துண்பது தகும். கழனிக்குக் கூலியாள் வைக்கப் பொருள் பெறுவது மட்டும் தகாதா? வினையின் உதயம் முயற்சியை விலக்குவதில்லை.

மேலும் ஒன்று. தன் துன்பத்தைத் தன் வினை என்று எண்ணி அமைதி கொள்வது ஞானம். பிறர் துன்பத்தை அவர் வினை என்று கூறிவிட்டு நடந்துபோவது வன்னெஞ்சம். சொல் ஒன்றே, சொல்லும் வாயைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. மருத்துவமனையில் நம் மாணவர் சொன்னது முதல் வகை. அதனைக் கேட்டு நாம் தலையசைத்தது இரண்டாம் வகையை ஒட்டியது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

இனி, ஓட்டியவர் பக்கம் நோக்குவோம். "அவர் வெறும் நிமித்தமே" என்று கூறினால் அவர் பொறுப்பு நீங்குமா? தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, பிரமாதம் என்னும் கவனமின்மையை அதன் வேராக வைத்தார். புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திர ஆசாரியர் அதனை விளக்கி, விழிப்புடன் நடப்பவரால் ஓருயிர்க்கு ஊறு நேரினும் அவர்பால் இம்சை இல்லை, விழிப்பின்றி நடப்பவரால் எவ்வுயிரும் சாகாவிடினும் இம்சை உண்டு என்னும் கருத்தை நிறுவினார். முனிவர்கள் நான்கு முழ நிலம் பார்த்து அடியெடுத்து வைக்கும் ஈர்யா சமிதியும் இதன்பாற்பட்டதே. எறும்புக்காக நிலம் நோக்கி நடப்போரின் வழிவந்த நாம், கைப்பேசியில் பேசிக்கொண்டு கார் ஓட்டுவதை விதியின் விளையாட்டு என்று கூறுதல் பொருந்துமா? அது பிரமாதம், பிரமாதத்தால் விளைந்தது கடன்.

சட்டம் காணும் கணக்கு

இழப்பீடு என்னும் சொல்லை நோக்குக. இழப்புக்கு ஈடு என்பது அதன் பொருள். ஈடு என்றால் ஒப்பு. மடங்காத காலுக்கு ஒப்பாக எதனை வைக்க முடியும்? உண்மையில் சட்டமும் அவ்வாறு வைப்பதாகச் சொல்லவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 'நியாயமான இழப்பீடு' என்றுதான் கூறுகிறது. அது காலின் விலையன்று. அக்கால் செய்துவந்த பணிகளின் கணக்கு.

2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்று இதனைத் தெளிவாக்கிற்று. உடலின் ஊனம் வேறு, அதனால் நேரும் வருவாய் இழப்பு வேறு என்று அது பிரித்துக் காட்டிற்று. இடக்கையை இழந்தவர் அரசு அலுவலக எழுத்தராயின் வேலையை இழக்காமல் இருக்கக்கூடும். தச்சராகவோ ஓட்டுநராகவோ இருப்பின் ஏறத்தாழ முழு வாழ்வாதாரமும் போய்விடும். மருத்துவர் தரும் சான்றிதழின் விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாது, அம்மனிதர் முன்பு என்ன செய்தார், இனி என்ன செய்ய இயலும் என்று தீர்ப்பாயம் ஆராய வேண்டும் என்பது அதன் சாரம். மருத்துவச் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருவாய், வருங்கால வருவாய் இழப்பு, வருங்கால மருத்துவச் செலவு ஆகியவற்றோடு, பட்ட வலியும் வேதனையும், வாழ்வின் இன்பங்களை இழந்தமையும் தனித்தனித் தலைப்புகளாகக் கணக்கில் வரும்.

வாசகர்க்கு விளங்க ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவோம். முப்பத்தெட்டு வயதினர் ஒருவர் மாதம் 15,000 ரூபாய் ஈட்டினார் என்று கொள்வோம். ஆண்டுக்கு 1,80,000 ரூபாய். அவர் உழைக்கும் திறனில் 40 விழுக்காடு குறைந்ததெனில், ஆண்டு இழப்பு 72,000 ரூபாய். உச்ச நீதிமன்றம் 2009இல் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயது வரையுள்ளோர்க்குப் பெருக்கெண் 15. ஆகவே இத்தலைப்பில் மட்டும் 10,80,000 ரூபாய். வருங்கால வருமான உயர்வுக்கான கூடுதலை இதில் நாம் சேர்க்கவில்லை. இறந்தோர் வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவுக்கென ஒரு பகுதியைக் கழிப்பர். காயமுற்றோர் வழக்கில் கழிப்பதில்லை. ஊனமுற்றவரும் உண்ணவேண்டுமே! இத்தொகையின் முன் 25,000 ரூபாய் உறையை வைத்துப் பாருங்கள். அவ்வுறையைக் கண்டு நாம் மனம் நெகிழ்ந்தோம்!

அவ்வம்மையார் கேட்ட வினாவுக்கும் சட்டம் சிறிது சிறிதாகச் செவி சாய்த்து வருகிறது. பன்னிரண்டு வயதில் விபத்துற்று முற்றிலும் செயலிழந்த சிறுமி ஒருத்தியின் வழக்கில், 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என இரு உதவியாளர்க்கான ஊதியத்தைக் கணக்கிட்டு, அதனையும் பெருக்கெண் 18ஆல் பெருக்கி வழங்கியது. 2021 சனவரியில் வந்த மற்றொரு தீர்ப்பு, இல்லத்தரசியின் வீட்டுப்பணிக்கும் வருவாய் மதிப்பிட்டே ஆகவேண்டும் என வலியுறுத்தியது. தூக்கி உட்கார வைக்கும் கைகளுக்கும் மதிப்பு உண்டு என்பதை நீதிமன்றம் கண்டது; அறம் பேசிய நாம் காணத் தவறினோம்.

பெறுவோர்க்குரிய நெறி

ஈடு பெறுவது அறமே என்று கூறிவிட்டு நிறுத்தினால் பாதி உண்மையே கூறியவர்களாவோம். பெறும் வழியும் அறவழியாக இருத்தல் வேண்டும். பழைய மூட்டுவலியை விபத்தின்மேல் ஏற்றுதல், இல்லாத வருமானத்துக்குச் சான்று வாங்குதல், மோதிய வண்டிக்குக் காப்பீடு இல்லையென்று வேறு வண்டியைக் காட்டுதல் போன்றவை காதில் விழுகின்றன. 'காப்பீட்டு நிறுவனத்தின் பணந்தானே' என்று சிலர் சமாதானம் கூறுவர். அது பல்லாயிரவர் செலுத்திய சந்தாவால் ஆன பொதுநிதி. அதில் உரிமையின்றி ஒரு ரூபாய் எடுப்பினும் கள்ளாமை என்னும் விரதம் முறியும். அதற்காகக் கூறும் சொல்லால் பொய்யாமையும் முறியும். நம் பக்கத்தில் பிழை இருப்பின் அதனையும் மறைத்தலாகாது. இருவர் பிழையிருப்பின் இழப்பீட்டை அதற்கேற்பக் குறைக்கும் முறை சட்டத்தில் உண்டு. உண்மையாக இழந்ததைக் கேட்டல் உரிமை. இழக்காததைக் கேட்டல் மிகுபொருள் விழைவு. இரண்டுக்கும் இடையில் உள்ள கோடு மெல்லியது, ஆயினும் தெளிவானது.

காலத்தையும் கருத வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் இழப்பீட்டு மனுத் தாக்கல் செய்யவேண்டும் என்னும் வரையறை வந்தது. இதனை எதிர்த்து எழுந்த வழக்குகளில், காலங்கடந்தது என்னும் காரணத்தால் மனுக்களைத் தள்ளலாகாது என 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. எனினும் காலம் தாழ்த்துதல் நன்றன்று. சான்றுகள் தேயும், சாட்சிகள் மறப்பர். எவர் பிழை என்று மெய்ப்பிக்க வழியில்லாதபோதும், அதே திருத்தத்தின்படி மரணத்துக்கு 5 இலட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சமும் பெற வழியுண்டு. மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாவிடினும், மரணத்துக்கு 2 இலட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் வழங்கும் திட்டம் உள்ளது. இவற்றை அறியாது எத்தனை குடும்பங்கள் நம் ஊர்களில் வாய்மூடி இருந்தனவோ!

தருவோர்க்குரிய நெறி

விபத்துக்கு ஆளாவோர் மட்டும் நம் குடும்பங்களில் இல்லை. வண்டி ஓட்டுவோரும் நம் பிள்ளைகளே. ஆகவே அடுத்த பக்கத்தையும் நோக்கக் கடவோம். மூன்றாம் நபர் காப்பீடு சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாண்டும், புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டும் அக்காப்பீட்டை வாங்கும்போதே எடுக்கவேண்டும். அதற்குப்பின் புதுப்பிக்க மறந்துவிடுகிறோம். காப்பீடற்ற வண்டி மோதி ஒருவர் கால் போனால் அவர்க்கு ஈடு செய்ய நம் வீட்டையே விற்றாலும் போதாது. பிறர்க்கு நேரக்கூடிய தீங்குக்கு முன்கூட்டியே ஈடு ஒதுக்கி வைப்பது நம் காலத்திற்குரிய ஓர் அகிம்சை நெறி என்பது நம் கருத்து. உரிமம் பெறாச் சிறுவரிடம் வண்டியைக் கொடுக்கும் பெற்றோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. தண்டத்திற்கு அஞ்சியன்று, பிரமாதத்திற்கு அஞ்சியே அதனைத் தவிர்த்தல் நலம்.

காப்பீட்டு நிறுவனம் பணம் செலுத்திவிட்டால் ஓட்டியவர் கடன் தீர்ந்ததா? பொருட்கடன் தீர்ந்தது. ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் ஆகிய அகத்தின் கடன் எஞ்சும். செய்ததை ஒளியாது கூறுதல், மீண்டும் செய்யாதிருத்தல் ஆகிய இவற்றை எந்த நிறுவனமும் நமக்காகச் செலுத்த இயலாது.

முடிவாக ஒரு சொல்

அவ்வம்மையார் சொல் கேட்ட மறுவாரமே நாம் அவர் கணவரை அழைத்துக்கொண்டு வழக்கறிஞர் ஒருவரிடம் சென்றோம். ஆறு மாதம் முடியப் பன்னிரண்டு நாள்கள் இருந்தன. மருத்துவமனையில் பெற்ற 25,000 ரூபாயையும் மறைக்காது மனுவில் எழுதச் சொன்னோம். இளைஞரிடம் நாமே சென்று, "இது பகையன்று, உன் காரின் காப்பீடு இதற்கென்றே உள்ளது" என்று விளக்கினோம். அவர் தம் கவனக்குறைவை இறுதிவரை மறுக்கவில்லை. இரண்டாண்டுகளுக்குப் பின் தீர்ப்பாயம் நியாயமான தொகையை வழங்கியது. அதற்குள் உறவினர் உதவியால் பெரியவள் ஓராண்டு தாமதமாகக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள், அக்கடன் அடைந்தது. கால் மடங்கவில்லை, இனியும் மடங்காது. சென்ற கடலை அறுவடையின்போது அவ்விளைஞர் வந்து, ஒருநாள் முழுவதும் மூட்டை ஏற்றிவிட்டுச் சென்றாராம். இழப்பீடு பெற்றதனால் மன்னிப்பு மாசுபட்டிருந்தால் அவர் அவ்வீட்டு வாசலுக்கு வந்திருப்பாரா?

மாணவர் பிழையாக எழுதிய விடைகளைச் சிவப்பு மையால் திருத்துவதே நம் தொழிலாக இருந்தது. எழுபது வயதுக்குமேல் நம் விடையைத் திருத்தியவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு தாய். அவர் திருத்தியதை நம் இல்லங்கள்தோறும் சொல்ல வேண்டியது நம் கடமை: பகையை விடுங்கள், உரிமையை விடாதீர்கள். பொறுக்கும்போது, உங்களோடு சேர்ந்து சுமப்பவரையும் ஒரு சொல் கேட்டுவிட்டுப் பொறுங்கள்.

அறம் வளர்க!